பூஸ்ட் ஏற்றும் முன் பெட்ரோல் கணக்கைப் பாருங்கள்

பட்டறைக்கு வரும் இளைஞர்கள் பெரும்பாலும் ஒரே கோரிக்கையோடு வருகிறார்கள். “அண்ணா, பூஸ்ட் மட்டும் கொஞ்சம் ஏற்றிக் கொடுங்கள், வேறு எதையும் தொட வேண்டாம்.” பூஸ்ட் என்பது டர்போ இன்ஜினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தம். வேறு எதையும் தொடாமல் அதை ஏற்றுவது மிகச் சுலபம். பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டுக்குப் போகும் குழாயில் ஒரு சின்ன வால்வைச் செருகினால் போதும், வண்டி பறக்கும். அதே வண்டி பிறகு லாரியில் ஏறி வரும்போது ஹெட்டைக் கழற்றுவது நான். அதனால் எல்லோரிடமும் ஒன்றையே சொல்கிறேன்: காற்றுக்குச் செலவழிக்கும் முன் பெட்ரோலுக்குச் செலவழியுங்கள். எவ்வளவு பூஸ்ட் வைப்பது என்பதைக் கடைசியில் முடிவு செய்யலாம்.

கோவையில் என்னிடம் அதிகம் வருவது ஃபியட்டின் 1.4 டி-ஜெட் இன்ஜின். 1368 சிசி. 2010-இல் லீனியாவில் 114 குதிரைத்திறனோடு வந்தது, 2015-இல் அபார்த் புன்டோவில் 145 ஆனது. விற்பனை நின்று ஆண்டுகள் ஆகியும் இந்த வண்டிகளை விடாமல் வைத்திருக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. உதிரிபாகத்துக்கு அலைந்து அலைந்தே பொறுமைசாலிகளானவர்கள். எனக்கு அவர்களைப் பிடிக்கும். இன்டேக் மேனிஃபோல்டில் பெட்ரோல் தெளிக்கும் இந்த வகை இன்ஜினை வைத்தே கணக்கைச் சொல்கிறேன். சிலிண்டருக்குள் நேராகத் தெளிக்கும் டிஎஸ்ஐ வகைக்குப் பின்னால் வருகிறேன்.

உடைவது எது?

கழற்றிய பிஸ்டனை மண்ணெண்ணெயில் கழுவி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தால் கதை முழுவதும் அதிலேயே இருக்கும். முதல் ரிங்குக்கும் இரண்டாம் ரிங்குக்கும் நடுவில் உள்ள மெல்லிய விளிம்பில், விரல் நகம் அளவுக்குப் பிறை வடிவத் துண்டு ஒன்று பெயர்ந்திருக்கும். பிஸ்டனின் தலையில், ஓரத்தை ஒட்டி, மணல் தெறித்து அடித்தது போலப் பொடிப்பொடிப் பள்ளங்கள். இரண்டும் நாக்கிங் செய்த வேலை.

தீப்பொறி பட்டதும் சுடர் சிலிண்டரின் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பரவ வேண்டும். ஓரத்தில் காத்திருக்கும் கலவை அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டால், சுடர் வந்து சேரும் முன்பே அது தானாகப் பற்றிக்கொள்ளும். அந்த அதிர்வு பிஸ்டனைச் சம்மட்டி கொண்டு அடிக்கும். பூஸ்டின்போது தேவைக்கு மேல் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றுவது இதைத் தடுக்கத்தான். அந்த உபரிப் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கலவையும் குளிர்கிறது, எக்ஸாஸ்ட் வெப்பமும் தணிகிறது. மைலேஜ் போகிறதே என்று கவலைப்படுகிறவர் பூஸ்ட் ஏற்றியிருக்கவே கூடாது.

நாக்கிங்குக்கு வேறு காரணங்களும் உண்டு. இக்னிஷன் டைமிங் முன்னால் போயிருக்கலாம், பெட்ரோலின் ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் திறன்) போதாமல் இருக்கலாம், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடேறியிருக்கலாம். ஆனால் பெட்ரோல் பற்றாக்குறைதான் மிகவும் வஞ்சகமானது. ஊருக்குள் ஓட்டும்போது அது தலையே காட்டாது. மூன்றாவது கியரில் முழு ஆக்சிலரேட்டரில் 5500 ஆர்பிஎம்மைத் தாண்டும் அந்தச் சில விநாடிகளில் மட்டும் எட்டிப் பார்க்கும்.

இன்ஜெக்டர் கணக்கு

145 குதிரைத்திறன் வண்டியை 200-க்குக் கொண்டுபோக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இன்ஜினின் கிராங்கில் 200, சக்கரத்தில் அதைவிடக் குறைவாகவே காட்டும். டர்போ பெட்ரோல் இன்ஜின் முழுப் பாரத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு மணி நேரத்தில் சுமார் 270 கிராம் பெட்ரோல் குடிக்கும். 200-க்கு 54 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 0.74 கிலோ என்பதால், மணிக்கு ஏறத்தாழ 73 லிட்டர். பெட்ரோலைத் தெளிக்கும் நான்கு இன்ஜெக்டருக்குப் பிரித்தால், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 305 மில்லி தர வேண்டும்.

இங்கேதான் பலர் கணக்கை நிறுத்திவிட்டு 310 மில்லி இன்ஜெக்டரை வாங்கிவிடுகிறார்கள். 6000 ஆர்பிஎம்மில் இரண்டு சுற்றுக்கு இன்ஜின் எடுக்கும் நேரம் 20 மில்லி விநாடி. ஒரு சிலிண்டருக்கு வேண்டிய பெட்ரோலை அதற்குள் தெளித்து முடிக்க வேண்டும். 20-இல் 16 மில்லி விநாடி திறந்திருந்தால் டியூட்டி சைக்கிள் 80 சதவீதம். அதற்கு மேல் ஏற விடாதீர்கள். 95-ஐத் தாண்டினால் இன்ஜெக்டருக்கு மூடித் திறக்கவே நேரம் இருக்காது. இசியூ (இன்ஜினை இயக்கும் கணினி) இன்னும் பெட்ரோல் கேட்டாலும் கொடுக்க ஒன்றும் மிச்சமிருக்காது. ஆகவே 305-ஐ 0.8-ஆல் வகுங்கள்: 380. இப்போது பங்கில் கிடைக்கும் இ20 (20 சதவீத எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கு, எத்தனால் கலக்காத பெட்ரோலைவிட 8 சதவீதம் போலக் கூடுதலாக ஊற்ற வேண்டும். 410-ஐத் தொட்டுவிட்டோம். 420-க்குக் கீழே வாங்காதீர்கள் என்பது என் கட்சி.

இந்த மிச்சம் ஆடம்பரம் அல்ல. சித்திரை மதியத்தில் 38 டிகிரியில் டியூன் செய்த வண்டியை மார்கழி விடியற்காலையில் 18 டிகிரியில் எடுங்கள். அதே பூஸ்டுக்கு ஏறத்தாழ 7 சதவீதம் அதிகக் காற்று உள்ளே போகும், அதற்கேற்ற பெட்ரோலும் வேண்டும். இடம் வைத்திருந்தால் கிடைக்கும்.

இன்ஜெக்டர் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் எந்த அழுத்தத்தில் அளந்தது என்றும் கேளுங்கள். வழக்கமாக 3 பார். அதே இன்ஜெக்டர் 4 பாரில் 15 சதவீதம் அதிகம் தரும். விற்பவர்களில் சிலர் 4 பார் எண்ணைச் சொல்லியே விற்றுவிடுகிறார்கள். நான்கையும் ஒரே பெஞ்சில் வைத்து ஓடவிட்டு, கண்ணாடிக் குழாய்களில் மட்டம் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். ஒன்று மட்டும் 5 சதவீதம் குறைவாகத் தெளித்தால், எக்ஸாஸ்டில் இருக்கும் சென்சார் நான்கின் சராசரியைத்தான் காட்டும். அந்த ஒரு சிலிண்டர் மட்டும் தனியாக வெந்துகொண்டிருப்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

மாற்றிய பிறகு அவற்றின் அளவையும் திறப்புத் தாமதத்தையும் இசியூவுக்குச் சொல்லாமல் வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. இதை எழுதுவதற்கே எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நடக்கிறது.

அழுத்தம்

இன்ஜெக்டரைப் பற்றிப் பேசும் ஆர்வத்தில் பாதிகூட யாரும் அழுத்தத்தில் காட்டுவதில்லை. பானெட்டைத் திறந்து, ஃப்யூயல் ரெயிலிலிருந்து (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பகிரும் குழாய்) டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்து, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் தலையிலிருந்து மேனிஃபோல்டுக்கு ஒரு சின்னக் குழாயும் போனால் நல்லது. பூஸ்ட் 1 பார் ஏறினால் ரெயில் அழுத்தமும் 1 பார் ஏறும். இன்ஜெக்டரின் இரு பக்கத்துக்கும் இடையிலான வித்தியாசம் மாறாது.

ரிட்டர்ன் இல்லாமல் டேங்குக்குள்ளேயே ரெகுலேட்டர் வைத்த வண்டியில் ரெயில் அழுத்தம் ஒரே இடத்தில் நிற்கும். 3.5 பார் என்று வையுங்கள். மேனிஃபோல்டில் 1.2 பார் பூஸ்ட் எதிர்த்து நின்றால், பெட்ரோலைத் தள்ளுவதற்கு மிஞ்சுவது 2.3 பார்தான். இன்ஜெக்டர் தரும் அளவு 19 சதவீதம் குறைந்துவிடும், அதுவும் பெட்ரோல் அதிகம் தேவைப்படும் அதே கணத்தில். இசியூவுக்கு இது தெரிந்திருந்தால் திறப்பு நேரத்தைக் கூட்டிச் சரிக்கட்டும். அதற்கும் சேர்த்துத்தான் பெரிய இன்ஜெக்டர் வேண்டும். என்னைக் கேட்டால், 200 குதிரைத்திறனுக்கு மேல் போகிறவர் ரிட்டர்ன் குழாய் போட்டுக்கொள்வதே நல்லது.

ரிட்டர்ன் குழாய் உள்ள வண்டியைச் சோதிப்பதற்கு டைனோ (வண்டியை உருளைமேல் ஓட்டித் திறனை அளக்கும் கருவி) கூட வேண்டாம். வண்டியை வெட்டவெளியில் நிறுத்துங்கள், இன்ஜின் ஆறியிருக்கட்டும், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், சிகரெட் பிடிக்கும் நண்பரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ரிட்டர்ன் குழாயைக் கழற்றி, அளவு குறித்த உலோகக் கேனுக்குள் விடுங்கள். ரெகுலேட்டரின் தலைக் குழாயில் மீட்டர் வைத்த கைப்பம்பை மாட்டி 1.2 பார் காற்று ஏற்றுங்கள். இப்போது ரெகுலேட்டர் பூஸ்ட் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். ரிலேயை நேராக இணைத்து ஃப்யூயல் பம்பை 30 விநாடி ஓடவிடுங்கள். நம் கணக்குக்கு மணிக்கு 80 லிட்டர் தேவை, கால் பங்கு மிச்சத்தோடு 100. அப்படியானால் 30 விநாடியில் 830 மில்லியாவது கேனில் விழ வேண்டும். விழவில்லை என்றால் பூஸ்ட் பேச்சை அன்றோடு நிறுத்திவிடலாம்.

குறைந்தால் உடனே பம்பைக் குறை சொல்லாதீர்கள். மணிக்கு 255 லிட்டர் தரும் வால்ப்ரோ பம்பை மாட்டிவிட்டு, அதற்குப் பழைய மெல்லிய ஒயரிலேயே மின்சாரம் கொடுத்திருப்பார்கள். பம்ப் ஓடும்போது அதன் பிளக்கிலேயே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். பேட்டரியில் 13.8 வோல்ட் இருக்கும்போது பம்பில் 12-க்குக் கீழே காட்டினால், ஒயர் பெட்ரோலைத் திருடுகிறது. பேட்டரியிலிருந்து நேராக ஒரு தடிமனான ஒயர், அதற்கு ஃபியூஸ், ஒரு ரிலே, பாடியில் துரு சுரண்டிய எர்த். இவ்வளவு மலிவான வேலை பட்டறையில் வேறு இல்லை. அடுத்து, பெட்ரோல் பில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு குழாய். டேங்குக்குள் பம்பையும் மூடியையும் இணைக்கும் அந்தச் சாண் நீளக் குழாய், பெட்ரோலில் மூழ்கிக் கிடப்பதற்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். சாதாரண ஹோஸ் போட்டால் எத்தனாலில் ஊறி உப்பிப் பிளந்து, டேங்குக்குள்ளேயே பீச்சிக்கொண்டிருக்கும். வெளியே ஒரு சொட்டு ஒழுகாது, ரெயிலில் அழுத்தம் மட்டும் இருக்காது. இதைக் கண்டுபிடிக்க முடியாமல் இன்ஜெக்டர், சென்சார் என்று வரிசையாக மாற்றிப் பணத்தைக் கரைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மறுபக்கத் தவறும் உண்டு. ரெகுலேட்டருக்குத் தாங்காத பெரிய பம்பைப் போட்டால், ஐடிலில் அழுத்தம் இறங்காமல் கலவை கெட்டியாகி (பெட்ரோல் மிகுந்து), பிளக் கருத்துப்போகும்.

செட்டிப்பாளையம் காரி ஸ்பீட்வேக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கால் டேங்க் பெட்ரோலோடு ட்ராக்கில் இறங்காதீர்கள். நீண்ட வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். வளைவு முடிந்து நீங்கள் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது அந்தக் காற்றுக்குமிழி சரியாக இன்ஜெக்டருக்கு வந்து சேரும். பாதி டேங்குக்கு மேல் வைத்திருங்கள். அடிக்கடி போகிறவர் சர்ஜ் டேங்க் (வளைவிலும் பெட்ரோல் வற்றாத சின்ன இடை டேங்க்) ஒன்று போட்டுக்கொள்ளட்டும்.

பார்க்கத் தெரிந்த மீட்டர்

கம்பெனி வண்டிகள் பலவற்றில் வரும் நேரோபேண்ட் ஆக்சிஜன் சென்சார், கலவை சமநிலைக்கு இப்பக்கமா அப்பக்கமா என்பதை மட்டும் சொல்லும். முழு பூஸ்டில் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. எவ்வளவு என்று அளந்து சொல்லும் வைட்பேண்ட் ஒன்று வாங்குங்கள். பாஷின் எல்எஸ்யு 4.9 சென்சார் போட்ட எந்த நல்ல மீட்டரும் போதும். டர்போவுக்குப் பின்னால் டவுன்பைப்பில், கன்வெர்ட்டருக்கு முன்னால், தண்ணீர் தேங்காதபடி கிடைமட்டத்திலிருந்து 10 டிகிரியாவது தலை நிமிர்ந்து பொருத்துங்கள்.

மீட்டரை லாம்டாவில் (1 என்றால் சமநிலை, அதற்குக் கீழே பெட்ரோல் அதிகம், மேலே குறைவு) வையுங்கள், 14.7 என்று காட்டும் ஏஎஃப்ஆர் (காற்று-பெட்ரோல் எடை விகிதம்) கணக்கில் அல்ல. 14.7 என்பது எத்தனால் இல்லாத பெட்ரோலின் சமநிலை. இ10-க்கு அது சுமார் 14.1, இ20-க்கு 13.5. மீட்டருக்கு டேங்கில் என்ன இருக்கிறதென்று தெரியாது. லாம்டா 1 மட்டும் எந்தப் பெட்ரோலுக்கும் லாம்டா 1-தான். நிதானமாக ஓடும்போது 1.00, முழு பூஸ்டில் 0.80-ஐ ஒட்டி. இந்த இன்ஜினில் நான் 0.78-இலிருந்து 0.82-க்குள் வைப்பேன். 0.70-க்குக் கீழே போனால் பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிவிடும். டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பார்த்தாலே பெட்ரோல் வாடை அடிக்கும். கெட்டியாக இருந்தால் பாதுகாப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுகிறவர்களும் இன்ஜினைத் தேய்த்துத்தான் முடிக்கிறார்கள்.

மீட்டரை டேஷ்போர்டில் மாட்டிவிட்டால் மட்டும் ஆகாது. முழு ஆக்சிலரேட்டரில் உங்கள் கண் சாலையில் இருக்க வேண்டும். ஓபிடி (வண்டியின் சோதனை பிளக்) வழியாகவோ இசியூ வழியாகவோ பதிவு செய்து பிறகு உட்கார்ந்து படியுங்கள். அதையும் டைனோவிலோ ட்ராக்கிலோ செய்யுங்கள், அவிநாசி சாலையில் வேண்டாம். அண்மையில் பார்த்த ஒரு பதிவு: 3000-இல் லாம்டா 0.82, 4500-இல் 0.81, 5500-இல் 0.84, 6200-இல் 0.91. பூஸ்ட் 1.2 பாரில் அசையாமல் நிற்கிறது. டியூட்டி சைக்கிள் 78-இல் தொடங்கி 97-க்குப் போய் முட்டுகிறது. படிக்கத் தெரிந்தவருக்கு இதில் சந்தேகமே இல்லை. இன்ஜெக்டரின் மூச்சு 5500-இல் முடிந்துவிட்டது. இதே லாம்டா, டியூட்டி 70-இலேயே நிற்கும்போது இப்படி ஏறியிருந்தால் இன்ஜெக்டரை விட்டுவிட்டு ரெயில் அழுத்தத்தைப் பார்த்திருப்பேன்.

ஒரு கண்ணி இருக்கிறது. பிளக் பற்றாமல் விட்டுப்போனாலும் மீட்டர் லீன் (பெட்ரோல் குறைவு) என்றுதான் காட்டும், ஏனென்றால் எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியே வருகிறது. வண்டி முழு பூஸ்டில் திக்கித் திக்கி இழுத்து, லாம்டா மேலும் கீழும் குதித்தால், பெட்ரோலைக் கூட்டுவதற்கு முன் பிளக் இடைவெளியைக் குறைத்துப் பாருங்கள்.

பிளக்கைக் கழற்றினால் பூதக்கண்ணாடியோடு பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் வெள்ளிப் பொடி போல மின்னும் புள்ளிகள் தெரிந்தால் அது பிஸ்டனின் அலுமினியம். மிளகு தூவியது போன்ற கறுப்புப் பொட்டுகள் அதற்கு முந்தைய எச்சரிக்கை. பீங்கான் முழுவதும் ஆரஞ்சு நிறமாக இருந்தால் கவலை வேண்டாம், ஆக்டேன் பூஸ்டர் பாட்டில் ஊற்றியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதை நிறுத்திவிட்டு அந்தக் காசுக்கு நல்ல பெட்ரோல் போடுங்கள்.

எந்தப் பெட்ரோல்?

சாதாரணப் பெட்ரோல் முன்பு 91 ஆக்டேன். 20 சதவீத எத்தனால் சேர்ந்த பிறகு 95. பிரீமியம் வகைகளில் சில அதற்கு மேல். இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் 100 ஆக்டேன் எக்ஸ்பி100-ஐக் கொண்டுவந்தது. எத்தனாலைத் திட்டுகிறவர்கள் நிறைய. டர்போ இன்ஜினுக்கு அது ஒருவகையில் நண்பன்: ஆக்டேனும் தருகிறது, ஆவியாகும்போது பெட்ரோலைவிட அதிகமாகக் குளிர்விக்கிறது. சிக்கல், பழைய இ10 காலத்தில் போட்ட மேப்பை (இசியூவில் உள்ள பெட்ரோல், டைமிங் அட்டவணை) அப்படியே வைத்திருப்பவர்களுக்குத்தான். 4 சதவீதம் போல லீன் ஆகியிருக்கும். நிதானமாக ஓடும்போது இசியூ சரிசெய்துகொள்ளும், முழு பூஸ்டில் பல இசியூக்கள் சரிசெய்யாது. லாங் டெர்ம் ட்ரிம் (இசியூ தானாகக் கூட்டிக்கொள்ளும் பெட்ரோல்) 10 சதவீதத்துக்கு மேல் நின்றால் மறுபடி டியூன் செய்ய வேண்டும்.

எப்போதும் கிடைக்கும் பெட்ரோலுக்கு டியூன் செய்யுங்கள். 100 ஆக்டேனுக்கு டைமிங் வைத்துவிட்டு, வால்பாறை போகும் வழியில் கிடைத்த பங்கில் சாதாரணத்தை நிரப்பி மலையேறுவது தற்கொலை. மாற்றி மாற்றி நிரப்ப வேண்டியவர் இரண்டு மேப் போட்டு ஒரு சுவிட்ச் வைத்துக்கொள்ளட்டும். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் வண்டியில் பழைய பெட்ரோலோடு பூஸ்டில் ஏறாதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுத்துவைத்திருக்கும்.

டிஎஸ்ஐ வைத்திருப்பவர்களுக்கு

போலோ 1.2, ஆக்டேவியா எல்லாம் வேறு கதை. ரெயிலில் 100, 200 பார் என்று அழுத்தம். கேம்ஷாஃப்ட் ஓட்டும் பம்ப்தான் எல்லை. தெளிக்கக் கிடைக்கும் நேரமும் 20 மில்லி விநாடி அல்ல, அதில் ஒரு பகுதிதான். இங்கே டியூட்டி சைக்கிளைத் தேடாதீர்கள். கேட்ட ரெயில் அழுத்தத்தையும் கிடைத்த ரெயில் அழுத்தத்தையும் ஒரே வரைபடத்தில் பதிவு செய்யுங்கள். உச்சியில் இரண்டும் பிரியத் தொடங்கினால் பூஸ்டைக் குறையுங்கள். கூடவே, 1500 ஆர்பிஎம்மில் பெரிய கியரில் முழுதாக மிதிக்காதீர்கள். தீப்பொறிக்கு முன்பே பற்றும் வியாதி அங்கேதான் வரும், ஒரே அடியில் பிஸ்டன் போய்விடும். எண்ணெய் ஏபிஐ எஸ்பி தரத்தில் இருக்கட்டும்.

சென்சாரை ஏமாற்றும் பெட்டிகளைப் பற்றிக் கேட்பார்கள். பூஸ்ட் குறைவு என்று இசியூவிடம் பொய் சொல்லி, பிறகு அதே இசியூ பெட்ரோலைச் சரியாகக் கணக்கிடும் என்று எதிர்பார்ப்பது எனக்கு விளங்கவில்லை. இன்னொன்று, 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியைக் கம்பெனி அமைப்பிலிருந்து மாற்றுவதைத் தடுக்கிறது. இன்சூரன்ஸ் கோரும்போது இது நினைவுக்கு வரும்.

கடைசிப் பாதுகாப்பு

இசியூ இடம் கொடுத்தால் ஒரு காவல் வையுங்கள்: பூஸ்ட் அரை பாருக்கு மேல் இருக்கும்போது லாம்டா 0.88-ஐத் தாண்டி அரை விநாடி நின்றால் எல்லா சிலிண்டருக்கும் பெட்ரோலை முழுதாக நிறுத்திவிட வேண்டும். முழுதாக நின்றால் எரிவது எதுவும் இல்லை, ஆபத்தும் இல்லை. ரெயிலில் அழுத்த சென்சார் வைத்து அதற்கும் இதே காவல் வைத்தால் இன்னும் முன்கூட்டியே பிடிக்கும்.

காவல் இல்லாத வண்டியில் மீட்டர் ஏறுவதைக் கண்டாலோ, தகரத்தில் கூழாங்கல் குலுங்கும் ஓசை கேட்டாலோ, காலை எடுத்துவிடுங்கள். இன்ஜினை அணைக்க வேண்டாம். பூஸ்ட் வராமல் மெதுவாக ஓட்டிவந்து பிளக் நான்கையும் கழற்றி, கம்ப்ரஷன் பாருங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் லீக் டவுன் சோதனைக்கு (சிலிண்டருக்குள் காற்று ஏற்றிக் கசிவு பார்ப்பது) போங்கள். ஏற்றிய காற்று எண்ணெய் ஊற்றும் வாய் வழியாகப் புஸ்ஸென்று வந்தால் ரிங் பக்கம் போய்விட்டது; ஹெட்டை மட்டும் கழற்றிப் பார்த்துவிட்டு மூடும் எண்ணத்தைக் கைவிட்டு, ஆயில் சம்பையும் சேர்த்துக் கழற்றிப் பிஸ்டனை வெளியே எடுங்கள்.